சாவி வாங்கிய பிறகு

போன அக்டோபரில் அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். பெரிய உயரம் இல்லை, நாலாவது படிதான். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற தகர வாய்க்காலை இலை அடைத்துக்கொண்டு, தண்ணீர் முன்பக்கச் சுவரில் வழிந்திருக்கிறது. அதை எடுக்க ஏறியிருக்கிறார். அவருக்கு வயது அறுபத்தாறு. செய்தி வந்தபோது நான் தொழிற்சாலையில் இருந்தேன். அங்கே என் வேலை இயந்திரங்களைப் பராமரிப்பது.

கடைசி இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஒரு பம்பின் பேரிங் தேய்கிறதா என்று மாதாமாதம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஆனால் புலாவ் செபாங்கில் நானே கடன் போட்டு வாங்கிய வீட்டின் கூரையை மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. அப்பா விழுந்ததைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. "வயசான காலத்துல எதுக்கு ஏணி ஏறணும்?" என்று அப்பாவைத்தான் எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கேள்வி தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றியது.

வீடு வாங்கியபோது சொந்தக்காரர்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "பையன் வீடு வாங்கிக் கொடுத்துட்டான்." தமிழில் ஒரு வினையோடு 'விடு' சேர்ந்தால் காரியம் முடிந்துபோனது என்று அர்த்தம். வாங்கிவிட்டான், கொடுத்துவிட்டான். 35 வருடக் கடன் என் பெயரில் இருக்கிறது; வீட்டில் இருப்பது அப்பாவும் அம்மாவும். நான் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் வந்துபோகிறேன். வந்தால் சாப்பிடுவேன், தூங்குவேன், ஞாயிறு சாயங்காலம் கிளம்புவேன். கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு. கொடுத்ததைத் தாங்குகிற வேலை அவர்களுக்கு. ஒரு வீட்டைக் கொடுப்பது உண்மையில் எப்போது முடிகிறது? மாவுக்கட்டோடு அப்பா உட்கார்ந்திருந்த ஆறு வாரமும் இந்தக் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

'புலாவ்' என்றால் மலாயில் தீவு. எங்கள் ஊரைச் சுற்றிக் கடல் இல்லை, ரப்பரும் செம்பனையும்தான். மாநில எல்லை ஊரை ஒட்டியே ஓடுகிறது. இந்தப் பக்கம் மலாக்காவின் அலோர்காஜா மாவட்டம், அந்தப் பக்கம் நெகிரி செம்பிலானின் தம்பின். எங்கள் தாமான் இருக்கும் இடம் ஒரு காலத்தில் பால்மரக் காடு. அப்பா, அம்மா இருவரும் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர்கள், லயத்தில் வாழ்ந்தவர்கள்.

லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். கூரைத் தகரம் ஓட்டையானால் கிராணியிடம் சொல்லி, அவர் மேலே சொல்லி, ஆள் வரும்வரை சட்டி வைத்துத் தண்ணீர் பிடிக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் 446-ஆவது சட்டம் வந்தது. வீடுகளை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அது சொன்னது. நியாயம்தான். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. வீட்டைச் சரிபார்ப்பது உன் கடமை இல்லை என்றால், அதில் கை வைப்பது உன் உரிமையும் இல்லை. அறுபது வருடம் ஒரே குடும்பம் இருந்த வீட்டில்கூட ஒரு சுவரை நகர்த்த அந்தக் குடும்பத்துக்கு அதிகாரம் கிடையாது.

அப்படியிருந்தும் அம்மா விடியற்காலை பிரட்டுக்குப் போவதற்கு முன்னால் வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கிளம்புவாராம். "தோட்டத்து வீட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு?" என்று ஒருமுறை கேட்டேன். "வீடு அவங்களோடது, வாசல் நம்மளோடது" என்றார்.

சொந்த வீட்டுக்கு வந்தபோது சட்டம் வேறு விதமாகப் பேசியது. வீடமைப்பு நிறுவனத்திடம் வாங்கும் புது வீட்டுக்கு, சாவி கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதம் பழுதுப் பொறுப்புக் காலம் உண்டு. குறையை எழுத்தில் தெரிவித்தால் 30 நாளுக்குள் நிறுவனமே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். முதல் வாரமே நான் டார்ச் லைட்டும் பென்சிலுமாக வீடு முழுக்கச் சுற்றினேன். தட்டினால் உள்ளே பொள்ளென்று சத்தம் வருகிற தரைக்கற்கள், சாய்மானம் தப்பிப்போய்த் தண்ணீர் தேங்குகிற குளியலறை, இழுத்தால் உரசுகிற ஜன்னல். மொத்தம் 23 குறை எழுதினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "பால் காய்ச்சின வீட்டைப் போயி குறை சொல்லலாமா தம்பி?" என்றார். தோட்டத்தில் குறை சொன்னால் கேட்கிறவரின் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகியவர் அவர். நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். வந்து பெரும்பாலானதைச் சரிசெய்து கொடுத்தார்கள். படித்த படிப்பு வீண்போகவில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமையில்தான் கோளாறு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு குறையைக் கண்டதும் நாம் கேட்பது, 'யார் தப்பு?' அதற்குப் பதில் உண்டு. பதில் கிடைத்து, ஆள் வந்து, சரிசெய்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் இலை விழுவது யாருடைய தப்பும் இல்லை. மழை, தூசி, பாசி, கரையான், கொசு எதுவும் யார் தப்பும் இல்லை. அங்கே கேட்க முடிகிற ஒரே கேள்வி, 'யார் வேலை?' இதற்கு இன்றைக்குக் கிடைக்கும் பதில் நாளைக்குச் செல்லாது. நாளைக்கும் இலை விழும். முதல் கேள்வியில் நான் கெட்டிக்காரன். இரண்டாவது கேள்வி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை. 24 மாதம் முடிந்த அன்று, வீட்டுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

இலையும் தண்ணீரும் சின்ன விஷயம்தானே என்று சொல்லலாம். 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூருக்கு அருகே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம், பின்னால் இருந்த மேடு சரிந்ததில் சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். அதற்கு முன் பல நாள் மழை. திட்டமிட்டதிலும் கட்டியதிலும் பெரிய கோளாறுகள் இருந்தன. ஆனால் 2000-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது பொறுப்பைக் கட்டியவர்களோடு நிறுத்தவில்லை. மேட்டு நிலம் பிறகு யார் கைக்குப் போனதோ அவர்கள், அங்கிருந்த வடிகாலையும் தடுப்புச் சுவரையும் பராமரிக்காமல் விட்டதற்கும் பொறுப்புச் சுமத்தியது. அவர்கள் எதையும் இடிக்கவில்லை. நிலத்தைச் சும்மா வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான் அழுத்தமாக உணர்ந்தேன். 'நான் ஒண்ணும் பண்ணலையே' என்பது எல்லா இடத்திலும் குற்றமற்றவனின் வாக்குமூலம் ஆகாது.

ஹன்னா ஆரெண்ட் 1958-இல் வெளியான 'தி ஹியூமன் கண்டிஷன்' நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் பிரித்துக் காட்டுகிறார். ஆக்கம் என்பது மேசை, வீடு, பாலம் மாதிரி நிலைத்து நிற்கிற பொருளை விட்டுச்செல்வது. உழைப்பு, சமைப்பதும் துவைப்பதும் போல, செய்த உடனே கரைந்து மறுநாள் மறுபடி கேட்பது. உலகத்தைச் சிதையாமல் காப்பதும் இந்த இரண்டாவது வகை உழைப்பில் சேரும் என்று அவரே சொல்கிறார். பிரித்துப் பார்ப்பது புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டை வைத்து யோசித்தால் அந்தக் கோடு நிற்க மாட்டேன் என்கிறது. வீடு நிலைத்த பொருள் என்கிறோம். தினம் யாரோ கரைந்துபோகிற வேலையைச் செய்வதால்தான் அது நிலைக்கிறது. கட்டுவது ஒருமுறை நடக்கிறது. கட்டியது நின்றுகொண்டிருக்க வேண்டும் என்றால் யாரோ ஒருவர் தினமும் அதற்காக எழுந்திருக்க வேண்டும்.

இதை நம் மரபு ஏற்கெனவே யோசித்திருக்கிறது. கோயில்களில் நாயன்மார் வரிசையில் அப்பரைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர் கையில் உழவாரப்படை இருக்கும். புல் செதுக்குகிற கருவி. தேவாரம் பாடியவரை ஏட்டோடு நிற்க வைத்திருக்கலாம். பிராகாரத்தில் முளைக்கிற புல்லைச் செதுக்குகிறவராக அவரை நிறுத்தி வைத்து, அதையே தொண்டு என்று கும்பிட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. பழைய கோயில் கல்வெட்டுகளில் கொடையைப் பற்றியெல்லாம் சொல்லி முடித்த பிறகு, இந்த அறத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்று பொருள்படும் ஒரு வாசகம் அடிக்கடி வரும். நிலம் கொடுத்தவன், விளக்குக்கு ஆடு கொடுத்தவன், பெரிய மனிதன். தான் செத்த பிறகு முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்த விளக்கை ஏற்றினால்தான் தன் கொடை கொடையாக இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்த முகம் தெரியாத ஆளின் காலைத் தன் தலையில் வைத்துக்கொண்டான். வங்கியில் வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு அப்படி யாருடைய காலும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மலேசியத் தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஞாபகம் இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து மலாக்கா நகருக்கே ஒரு கிளைப்பாதை போனது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் அதே பாதைக்குத்தான் கொண்டுபோனார்கள். மலாயாவில் பாதை போட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். போட்ட பாதையை வெயிலிலும் மழையிலும் நடந்து பார்த்து, ஆணி முடுக்கி, கல் அணைத்து வைத்திருந்தவர்களிலும் அவர்கள் ஏராளம். ஒரு பாதை திறந்த வருடம் புத்தகத்தில் இருக்கும். அதை நடந்து பார்த்தவர்களின் பெயரை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

பால் வெட்டுவதே ஒரு பராமரிப்பு வேலைதான் என்று எனக்குச் சொல்லித் தந்தது அப்பாவின் மாவுக்கட்டு. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அவர் நிறையப் பேசினார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய் உள் தோலைத் தொட்டால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். திரும்ப அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. சரியாக வெட்டினால் சீவிய பட்டை சில வருடத்தில் புதிதாக வளர்ந்து வரும், மறுபடி வெட்டலாம். இருபத்தைந்து, முப்பது வருடம் ஒரு மரம் பால் தருவது இப்படித்தான். "மரத்தப் பாத்தாலே தெரியும், வெட்டுனவன் எப்படிப்பட்ட ஆளுன்னு" என்றார். அவருக்குச் சொந்தமாக ஒரு மரமும் இருந்ததில்லை.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. அலுவலகத்தில் நாங்கள் 'பராமரிப்பு' என்கிறோம். வீட்டில் அந்தச் சொல் கிடையாது. வீட்டில் சொல்வது 'பார்த்துக்கொள்'. பிள்ளையைப் பார்த்துக்கொள், அடுப்பைப் பார்த்துக்கொள், வீட்டைப் பார்த்துக்கொள். தமிழில் அக்கறை என்பது கண்ணில் ஆரம்பிக்கிறது. கூரையில் இலை அடைத்திருப்பதை அப்பா பார்த்தார், அதனால் ஏறினார். நான் பார்க்கவில்லை, அதனால் ஏறவில்லை. எனக்குக் கண் தெரியாமல் இல்லை. அந்த வீட்டில் எதையும் பார்க்காமல் இருக்க எனக்கு வசதி இருந்தது.

தொழிற்சாலையில் எங்கள் பராமரிப்புப் பட்டியலில் மூன்று கட்டங்கள் இருக்கும்: என்ன வேலை, எப்போது, யார். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் மேலாளர் கையெழுத்துப் போட மாட்டார். காலியாக விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். வேலை நின்றுபோகாது. யாருக்கு அதைச் செய்யாமல் விட மனசு கேட்காதோ, அவர் தலையில் போய் விழும். கவனமாக இருப்பவருக்குக் கவனமே தண்டனை ஆகிவிடும். வீட்டில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அது தானாக அறுபத்தாறு வயதுக்காரர் ஒருவரின் பெயரை எழுதிக்கொண்டது.

ஆள் வைத்துச் செய்யலாமே என்று நானும்தான் நினைத்தேன். மாவுக்கட்டு பிரித்த வாரம், கூரை வேலைக்கு ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளரை அழைத்து வந்தேன். அரை நாளில் முடித்தார். அப்பா கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு, "என்னைய உக்கார வச்சிட்டீன்னா நான் என்னதான் செய்வேன்?" என்றார். கோபமாகக்கூட இல்லை. அவரிடமிருந்து ஆபத்தை எடுக்க நினைத்து வீட்டையே எடுத்துவிட்டேன் போல. அதோடு இன்னொரு உறுத்தலும் சேர்ந்துகொண்டது. எங்கள் கூரையைச் சுத்தம் செய்தவர் திரும்பிப் போவது ஒரு தொழிலாளர் கொங்சிக்கு. அந்தக் கூரையை யார் பார்க்கிறார்கள்? அப்பா, அம்மா லயத்தில் இருந்தபோது வந்த அதே 446-ஆவது சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020-இலிருந்து தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழிலாளர் விடுதிகளுக்கும் பொருந்துகிறது. லயம் மறையவில்லை, அதில் இருக்கும் ஆட்கள் மாறியிருக்கிறார்கள். கூலி கொடுத்து ஒரு வேலையை வாங்கலாம். அதில் தவறில்லை. ஆனால் 'யார் வேலை?' என்ற கேள்வி கூலி கொடுத்ததும் மறைந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குத் தள்ளிப்போகும்.

கடைசியில் தொழிற்சாலையில் செய்வதையே வீட்டிலும் செய்தேன். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு ஐஸ் பெட்டியில் ஒட்டினேன். வாரத்துக்கு ஒருமுறை பூந்தொட்டித் தட்டு, வாளி, வடிகால் எங்கும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகும், அதனால் வாரத்தைத் தாண்டக் கூடாது: அப்பா. மாதம் ஒருமுறை மின்பெட்டியில் 'டி' என்று போட்ட சின்னப் பொத்தானை அழுத்தி மின்சாரம் துண்டிக்கிறதா என்று சோதிப்பது: நான். சுவரடியில் கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது: அப்பா. பழைய பால்மர நிலம் இது. கரையானில் ஓர் இனம் உயிருள்ள ரப்பர் மரத்தையே தின்னும். அதற்கு நெருங்கிய இன்னோர் இனம்தான் இந்த நாட்டு வீடுகளை அரிப்பது. அப்பாவுக்கு அந்த மண்கோடு தோட்டத்திலிருந்தே பழக்கம். ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடுகிற விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, வளர்கிறதா என்று பார்ப்பது: நான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரை வாய்க்கால்: ஏறுவது நான், ஏணியைப் பிடிப்பது அப்பா. அதற்கு அவர் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

அம்மாவிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். என்ன சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"வாசல் கூட்டுறது, பாத்ரூம் கழுவுறது, தொடைக்கிறது, சாமி மேடை வெளக்குறது, ஒண்ணையும் எழுதலையே" என்றார்.

உண்மையில் அது எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் நடப்பதால் அது வேலை என்றே என் கண்ணுக்குப் படவில்லை. பார்ப்பதைப் பற்றி இவ்வளவு யோசித்த பிறகும் அப்படித்தான். தாளில் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக எழுதினேன். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் அம்மா சமையலறைக்குப் போய்விட்டார். கூட்டுவதற்கு நேராக சனி, ஞாயிறு என் பெயரைப் போட்டேன். மற்ற ஐந்து நாளைக்கு என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.